ஓமியோபதி வழக்கும் வள்ளுவர் அளவுகோலும்

மருத்துவத்தைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இடம்பெறாதது அரிது. சித்த மருத்துவத்தைப் போற்றுவோரும், ஆயுர்வேதத்தைப் போற்றுவோரும், மேலை மருத்துவத்தைப் போற்றுவோரும் வள்ளுவரைத் தத்தம் பக்கத்துச் சான்றாளராக நிறுத்துவர். ஓமியோபதிக்காக வாதிடுவோரும் அவ்வாறே அவரை அழைக்கின்றனர். நோயின் முதலை நாடுக என்றார் வள்ளுவர். ஓமியோபதி நோயை வேரோடு களைவது. ஆகவே இரண்டும் ஒரே நெறியின என்பது அவர்தம் வாதம்.

ஒருவரைச் சான்றுக்கு அழைத்தால் அவர் கூறுவது முழுவதையும் கேட்க வேண்டும். நமக்கு வேண்டிய ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டு அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுதல் முறையன்று. வள்ளுவரை முழுமையாகக் கேட்டால் அவர் ஓமியோபதிக்கு என்ன தீர்ப்பு வழங்குவார்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர் இதில் தலையிடுவானேன் என்று கேட்பார் இருக்கலாம். குறளைச் சான்றாகக் காட்டும் வாதத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு குறளைக் கற்பிப்போர்க்கு உண்டு என்பதே விடை.

வழக்கின் இன்றைய நிலை

நம் நாட்டில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 775-ஆம் சட்டம் என்று அதனைக் குறிப்பர். அதன்கீழ் 7 துறைகள் ஏற்கப்பட்டுள்ளன: மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம், இசுலாமிய மருத்துவம், ஓமியோபதி, முதுகெலும்பை நெறிப்படுத்தும் கைரோபிராக்டிக், எலும்பு தசைகளைக் கையால் நெறிப்படுத்தும் ஆஸ்டியோபதி என்பன அவை. இத்துறைகளில் தொழில் செய்வோர் உரிய தகுதியுடன் பதிவு பெறவேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை.

இந்தியாவிலோ ஓமியோபதிக்கு இன்னும் விரிந்த இடம் உண்டு. 1973-இல் அதற்கென நடுவண் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. 2020-இல் அதனினும் புதிய தேசிய ஆணையச் சட்டம் வந்தது. மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் தமிழ்நாட்டு அரசின் ஓமியோபதி மருத்துவக் கல்லூரியே இயங்கி வருகிறது.

மேலை நாடுகளில் காற்று வேறு திசையில் வீசுகிறது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரப் பணி 2017-இல், ஓமியோபதி மருந்துகளை எழுதித் தருவதை மருத்துவர்கள் நிறுத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரெஞ்சு அரசு 2021-இன் தொடக்கம் முதல் அம்மருந்துகளுக்குக் காப்புறுதிப் பணம் தருவதை நிறுத்தியது. சுவிட்சர்லாந்து மட்டும் 2017-இல் அதனைத் தன் அடிப்படைக் காப்புறுதித் திட்டத்துள் நிலைநிறுத்தியது. எனவே ‘அரசே ஏற்றுக்கொண்டதே’ என்பதும், ‘அரசே கைவிட்டதே’ என்பதும் வழக்கை முடிக்கா. அரசுகளின் தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நாம் மருந்தையே நோக்கவேண்டும்.

நம்முடையது என்னும் வாதம்

நம்மவரிடையே ஓமியோபதியைச் சித்த மருத்துவத்தோடு சேர்த்து ‘நம் நாட்டு மருத்துவம்’ என எண்ணும் வழக்கம் உண்டு. அது பொருந்தாது. அதன் தந்தை சாமுவேல் ஹானிமன் 1755-இல் ஜெர்மனி நாட்டு மைசனில் பிறந்து 1843-இல் பாரிசில் மறைந்தவர். மேற்குறித்த 775-ஆம் சட்டமும் இந்திய மருத்துவத்தையும் ஓமியோபதியையும் தனித்தனித் துறைகளாகவே கணக்கிடுகிறது.

இந்தியாவில் அம்முறை வேரூன்றத் துணைநின்றவருள் முதன்மையானவர் கல்கத்தாவின் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார். மேலை மருத்துவத்தில் உயர்ந்த பட்டம் பெற்று, முதலில் ஓமியோபதியை எதிர்த்துப் பேசியவர் அவர். 1867-இல் மருத்துவர் அவையிலேயே தம் மனமாற்றத்தை வெளியிட்டுக் கடும் எதிர்ப்புக்கு ஆளானார். அதே சர்க்கார்தான் 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் தம் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் ஆய்வை நிகழ்த்தியது அக்கழகத்தில்தான். ஆகவே ஓமியோபதியை ஏற்றவர் எல்லாரும் அறியாதவர் என்று இகழ்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. அறிவியல் கழகம் கண்டவர் ஏற்றதனால் அது அறிவியல் ஆகிவிடும் என்பதும் ஒவ்வாது.

மலாயாவுக்கு வந்தால், இந்தியாவில் ஓமியோபதி பயின்று திரும்பியவருள் புகழ்பெற்றவர் டாக்டர் புர்ஹானுடின் அல்-ஹெல்மி. பின்னாளில் பாஸ் கட்சியின் தலைவராக விளங்கி 1969-இல் மறைந்த மலாய்த் தேசியத் தலைவர் அவர். ஜெர்மானியர் கண்டு, வங்காளத்தார் வளர்த்து, மலாய்த் தலைவர் கைக்கொண்ட மருத்துவத்தைத் தமிழர் தம் முன்னோர் சொத்தென உரிமை பாராட்டுவது எவ்வாறு? இவ்வாதத்தை இத்துடன் விடுத்து, வள்ளுவரின் அளவுகோலை எடுப்போம்.

முதல் அளவு: நோயாளியை அறிதல்

‘மருந்து’ அதிகாரத்தின் ஒன்பதாம் குறள், மருத்துவன் நோயுற்றவனது நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்கிறது. இவ்வளவில் ஓமியோபதி சிறப்பாகத் தேறுகிறது. நல்ல ஓமியோபதி மருத்துவர் நோயாளியின் உறக்கம், பசி, அச்சம், குளிர் தாங்கும் தன்மை முதலியவற்றைப் பொறுமையுடன் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். தலைவலி என்று வந்த இருவர்க்கு இருவேறு மருந்து தருகிறார்.

நம் அரசாங்கக் கிளினிக்கின் நிலையோ வேறு. காலையில் எண் பெற்று நண்பகல்வரை காத்திருந்த முதியவர், உள்ளே சென்ற சில நிமிடங்களில் மருந்துச் சீட்டுடன் வெளியே வருகிறார். தம் நோயைத் தமிழில் மட்டும் சொல்லத் தெரிந்த மூதாட்டியின் சொல் பாதியே மருத்துவர் செவிக்கு எட்டுகிறது. மருத்துவர்மேல் குற்றமில்லை, வரிசை நீண்டது. எனினும், தம் சொல்லைக் கேட்பாரை நாடி மக்கள் செல்வதை மூடநம்பிக்கை என்று நகையாடுவோர், மக்களின் தேவையைக் காணாதவர். ஓமியோபதியிலிருந்து நவீன மருத்துவம் கற்கத்தக்கது ஒன்று உண்டெனின், அது இந்தக் கேட்கும் பொறுமையே.

இரண்டாம் அளவு: நோயின் முதலை நாடுதல்

எட்டாம் குறளே ஓமியோபதியினர் மிகுதியாகக் காட்டுவது. நோய் இன்னது என ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதனைத் தணிக்கும் வழியை ஆராய்ந்து, பொருந்துமாறு செய்க என்பது அதன் கருத்து. இதில் நடுவில் நிற்கும் ‘காரணம்’ என்பதே வழக்கின் உயிர்நாடி.

ஹானிமன் 1810-இல் வெளியிட்ட ‘ஆர்கனான்’ என்னும் நூல் அம்முறையின் மூலநூல். கண்ணுக்குப் புலனாகும் காரணம் இருப்பின் அதனை அகற்றுக என்று அதில் அவர் கூறுவது உண்மையே. ஆயின் உடலின் உள்ளே மறைந்துள்ள காரணத்தைத் தேடுவது பயனற்ற கற்பனை என்பதும், வெளியே தோன்றும் குறிகளின் தொகுதியே மருத்துவன் அறியத்தக்க நோய் என்பதும் அவர்தம் கோட்பாட்டின் அடித்தளம். பின்னர் 1828-இல் நாட்பட்ட நோய்களுக்கு ‘சோரா’ முதலிய மூன்று அடிப்படை மாசுகளைக் காரணமாகக் கூறினார். அவற்றுள்ளும் பெரும்பாலான நோய்களைச் சோரா ஒன்றன்மேலேயே ஏற்றினார். குறிகளைக் கொண்டு மருந்தைத் தேர்வது ஒன்று; காரணத்தைத் துருவி அறிவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றென மயங்கியதே நம் கட்டுரையாளர்களின் பிழை.

இதனைத் தோட்டத்து மக்கள் நன்கறிந்த ஒரு மருந்தைக் கொண்டே விளக்கலாம். 1790-இல் ஹானிமன் சின்கோனாப் பட்டையை, நோயின்றியே, தாமே உண்டு பார்த்தார். குளிர்சுரத்தின் குறிகள் போன்றவை தம் உடலில் தோன்றியதாகக் கண்டார். சுரத்தைத் தணிக்கும் மருந்து சுரத்தின் குறிகளையே தோற்றுவிக்கிறது. எனவே ஒத்ததை ஒத்தது தீர்க்கும் என்று முடிவு செய்தார். ஓமியோபதி முழுவதும் இந்த ஒரு வித்திலிருந்து முளைத்த மரம்.

அப்பட்டையின் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தனர். 1880-இல் லவெரான் என்பார் மலேரியா நோயாளியின் குருதியில் நுண்ணுயிரைக் கண்டார். 1897-இல் ரொனால்டு ராஸ் இந்தியாவில் கொசுவின் வயிற்றில் அதனைக் கண்டார். கொய்னா அந்த நுண்ணுயிரைக் கொல்வதனாலேயே சுரம் தணிகிறது. சுரத்தை ஒத்த குறிகளைத் தோற்றுவிப்பதனால் அன்று. மரத்தின் வித்தே பழுதுபட்டது என்பது இவ்வாறு வெளியாயிற்று. கொசுவே காரணம் என்று அறிந்த பின்னர்தான் மல்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளான் வட்டாரத்துச் சதுப்புகளை வடித்து மலேரியாவை ஒடுக்கினார். காடழித்து ரப்பர் நட்டுக் காய்ச்சலில் மாண்ட நம் முன்னோரின் பிள்ளைகளைக் காத்தவை தோட்டத்து டிரசர் கொடுத்த கொய்னாவும் வாய்க்கால் வெட்டிய மண்வெட்டியுமே. 2018 முதல் நம் நாட்டில் மனிதரிடையே பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் நொளெசி வகை மட்டும் காட்டோரங்களில் இன்னும் உள்ளது. இது காரணத்தை நாடியதன் பயன்.

மற்றுமோர் எடுத்துக்காட்டு. 1854-இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, அந்நகரத்து ஓமியோபதி மருத்துவமனையில் இறந்தோர் விகிதம் பிற மருத்துவமனைகளைவிடக் குறைவாயிருந்தது. ஓமியோபதியினர் இதனை இன்றும் பெருமையுடன் கூறுவர். அக்காலத்துப் பிற மருத்துவர் குருதி வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் நோயாளியை மேலும் நலிவித்தனர். சர்க்கரை உருண்டையோ தீங்கு செய்யவில்லை. தீங்கு செய்யாமையும் அக்காலத்தில் ஒரு பெரும் நன்மையே. ஆயின் அதே ஆண்டில், அதே நகரில், ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைப் படத்தில் குறித்து, ஒரு தெருவின் நீர்க்குழாயே நஞ்சின் ஊற்று எனக் கண்டார். வள்ளுவர் வகுத்த நெறியில் அன்று நடந்தவர் யார் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாம் அளவு: நான்கு உறுப்பு

பத்தாம் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன். ஓமியோபதியில் முதலிரண்டும் நான்காவதும் குறைவற அமையலாம். மூன்றாவதாகிய மருந்தே ஆராய்ச்சிக்கு உரியது.

ஒரு துளி மூலச்சாற்றை 99 துளி நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்குவது முதற்படி. அதில் ஒரு துளியை எடுத்து மீண்டும் 99 துளியில் கலப்பது இரண்டாம் படி. இவ்வாறு 30 படிகள் செய்தது ‘30’ என்னும் வீரியம். ரப்பர்ப் பால் ஒரு துளியைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் இயலும். ஒவ்வொரு படியிலும் இரண்டு சுழிகள் கூடும்; முப்பதாம் படியில் ஒன்றன்பின் 60 சுழிகள். பொருள்கள் மூலக்கூறுகளால் ஆனவை. அவற்றின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. ஏறத்தாழப் பன்னிரண்டாம் படியைக் கடந்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருப்பது ஐயம். முப்பதாம் படியில் இருப்பது நீரும் சர்க்கரையுமே. ஹானிமன் காலத்தில் இவ்வெல்லை தெளிவாகவில்லை. ஆகவே அவரைக் குறைகூறுதல் நேர்மையன்று. இன்று தெளிந்த பின்னரும் நீருக்கு நினைவாற்றல் உண்டு என்று கூறுவோரே அதனை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர்.

கணக்கு எதுவாயினும் மக்கள் குணமடைந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. தேர்வுத் தாளில் மாணவன் பெயரை மறைத்து எண் மட்டும் இடுவது ஏன்? திருத்துவோர் மனச்சாய்வு மதிப்பெண்ணில் ஏறாதிருக்கவே. அவ்வாறே, எது மருந்து, எது வெறும் சர்க்கரை என்பதை நோயாளியும் அறியாமல், கொடுப்பவரும் அறியாமல் ஆய்வு செய்வர். 2005-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு, ஓமியோபதி ஆய்வுகள் 110-ஐயும் மேலை மருத்துவ ஆய்வுகள் 110-ஐயும் எடுத்து ஒப்பிட்டது. பெரியனவும் செம்மையானவுமான ஆய்வுகளை மட்டும் கொண்டு பார்த்தபோது, ஓமியோபதியின் பயன் வெறும் சர்க்கரையின் பயனுக்கு மேம்பட்டதென உறுதியாகவில்லை. ஆஸ்திரேலிய தேசியச் சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2015-இல் 61 உடல்நலக் குறைகளைப் பற்றிய 176 ஆய்வுகளைப் பரிசீலித்தது. எந்த ஒரு நோய்க்கும் ஓமியோபதி பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு கூறியது. ஆய்வுகளைத் தெரிந்தெடுத்த முறை சரியன்று என ஓமியோபதியினர் இவ்விரண்டையும் மறுத்துரைத்தனர். மறுப்பு அவர்தம் உரிமை. ஆயின் மறுப்பு சான்றாகாது.

எனக்குக் குணமாயிற்றே!

‘என் பிள்ளைக்கு மூன்று நாளில் சளி நீங்கிற்று’ என்பார் பலர். பொய்யுரைப்பவர் அல்லர் அவர். சளி பெரும்பாலும் தானே நீங்குவது, மூட்டுவலி ஏறியிறங்குவது. வலி உச்சத்தில் இருக்கும்போதே நாம் மருந்தைத் தேடுகிறோம்; உச்சத்திற்குப் பின் இறக்கம் இயல்பு.

ஆசிரியர்க்கு இது பழகிய செய்தி. மாதச் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவனை ஓர் ஆசிரியர் கடிந்துகொள்கிறார்; மற்றொருவர் தேற்றுகிறார்; இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சோதனையில் மூவர் வகுப்பிலும் அம்மாணவர் பலர் சற்று உயர்வர். கடிந்தவர் கடிந்ததனால் என்பார். தேற்றியவர் தேற்றியதனால் என்பார். ஒப்பிட்டுப் பாராதவரை இருவரும் தம் மருந்தைப் போற்றிக்கொண்டே இருப்பர்.

சட்டம் எதற்குச் சான்று?

இனி 775-ஆம் சட்டத்தின் பொருளைத் தெளிவோம். மருத்துவம் செய்பவர் யார், தகுதி பெற்றவரா, தவறிழைத்தால் யார் கேட்பது என்பவற்றுக்குச் சட்டம் விடை கூறுகிறது. அது மக்களுக்குப் பெரும் பாதுகாப்பு; வரவேற்கத்தக்கது. மருந்து நோயைத் தீர்க்குமா என்னும் கேள்விக்கு அது விடையன்று. பள்ளியைப் பதிவு செய்ததனால் அங்குப் பயில்வோர் எல்லாரும் தேர்ச்சி பெற்றவர் ஆவரோ?

மேலும், மருந்துகளின் விளம்பரம், விற்பனை பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உள்ளது. இனிப்பு நீர், இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய், ஆஸ்துமா முதலிய 20 நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. இக்காலத்தில் கைப்பேசி வழியே வந்து குவியும் செய்திகளை இச்சட்டத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது நம்மவர்க்கு நலம்.

இதனால் விளையும் கேடு சிறியதன்று. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. மூவருள் ஏறத்தாழ ஒருவர்! ‘மருந்து’ அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் அளவையும் முறையையும் பற்றியன. வள்ளுவரைச் சான்றுக்கு அழைக்கும் நாம் அந்த ஆறினைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்தாள்கிறோம். உணவை அளவிடாமல், இன்சுலினையும் நிறுத்திவிட்டு, சர்க்கரை உருண்டையை நம்பும் நோயாளி தம் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கிறார். இன்சுலின் இன்றி வாழ இயலாத சிறுபிள்ளையாயின் பணயம் உயிரே.

தொற்றுநோய்களிலும் இதுவே நிலை. மலேரியா, காசநோய், எச்.ஐ.வி., குழந்தைகளின் வயிற்றுப்போக்கு முதலியவற்றுக்கு ஓமியோபதியை நாடவேண்டா என 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2016-இல், அதாவது மேற்குறித்த சட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கிய அதே ஆண்டில், நம் கெடா மாநிலத்திலும் வேறு சில மாநிலங்களிலும் தொண்டை அடைப்பான் நோய் தோன்றித் தடுப்பூசி பெறாத குழந்தைகளைப் பலிகொண்டது. 1992-க்குப் பின் காணப்படாத இளம்பிள்ளைவாதம் 2019 இறுதியில் சபாவில் மீண்டும் தலைகாட்டியது. தடுப்பூசியின் இடத்தை நிரப்பவல்ல உருண்டை எதுவும் இல்லை.

நம் கடமை

ஆக, வள்ளுவர் அளவுகோலில் ஓமியோபதி முதல் அளவில் தேறியது; இரண்டாம் அளவில் தவறியது; மூன்றாம் அளவில் மருந்து என்னும் உறுப்பை இழந்து நின்றது. இதிலிருந்து அதன் இடமும் புலனாகிறது. தானே தணியும் சிறு நோய்களில், பதிவு பெற்ற மருத்துவரிடம் ஆறுதல் நாடுவோரை நாம் இகழ வேண்டுவதில்லை. ஆயின் அளந்தறியத்தக்க நோய்க்கும், உயிரைப் பற்றும் நோய்க்கும், தடுத்தல் இயலும் நோய்க்கும் அதனை மாற்றாகக் கொள்வதை உறுதியாக மறுத்துரைக்க வேண்டும். அதே வேளையில், கேட்டறியும் மருத்துவத்தை அரசாங்கக் கிளினிக்குகளிலும் வேண்டி நாம் குரல் எழுப்ப வேண்டும். நோயாளியின் மொழி அறிந்த துணையாள் ஒருவர் மருத்துவர் அருகே இருப்பது ஆடம்பரமன்று. வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு அது.

ஆசிரியர்க்குச் சிறப்பாக ஒன்று. ஆண்டுதோறும் சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கு வந்து முதலாம் ஆண்டு மாணவர்க்குத் தொண்டை அடைப்பான், இசிவு நோய், தட்டம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி போடுகின்றனர். அதற்கு முன் பெற்றோரின் ஒப்புதல் பாரம் நம் கையில் வந்து சேர்கிறது. கையொப்பமின்றி வரும் பாரத்தை ‘அவர் விருப்பம்’ என்று கோப்பில் இடுவது எளிது. அந்தத் தந்தையையோ தாயையோ அழைத்து அமரச்செய்து, அவர்தம் அச்சத்தை இடைமறியாது கேட்டு, கொய்னாவின் கதையையும் தொண்டை அடைப்பானின் கதையையும் அவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பது அரிது. அவ்வரிய பணியே நம்முடையது. குறளை மேடையில் முழங்குவதினும், அக்குறள் கூறிய வழியில் ஒரு பிள்ளையைக் காப்பது வள்ளுவர்க்கு நாம் செய்யும் மேலான சிறப்பாகும்.